புல்லட் எஞ்சினில் அடித்த ஹீட் பெயிண்ட் ஏன் உரிகிறது?

கேள்வி சுருக்கமாக: பழைய காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட்) புல்லட் 350. எஞ்சினை முழுக்கப் பிரித்து, ரீபோர் செய்து (சிலிண்டர் துளையைக் கடைந்து), புது பிஸ்டன் போட்டு, பிளாக், ஹெட், கிராங்க் கேஸ், இரண்டு பக்க கவர் எல்லாவற்றுக்கும் ஒரே கறுப்பு ஹீட் பெயிண்ட் ஸ்ப்ரே அடித்தாயிற்று. 600 டிகிரி தாங்கும் என்று டப்பாவில் இருக்கிறது. 700 கிலோமீட்டர் ஓடுவதற்குள் இடது பக்க கவரில் தாள் தாளாக உரிகிறது. ஹெட்டில் எக்சாஸ்ட் பக்கம் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. கார்ப்பரேட்டருக்குக் கீழே நகம் பட்டாலே வழித்துக்கொண்டு வருகிறது. பிளாக்கில் மட்டும் ஓரளவு நிற்கிறது. பெயிண்ட் போலியா? மேலேயே இன்னொரு கோட் அடித்தால் சரியாகுமா?

மேலே அடித்தால் நிற்காது. அடியில் இருப்பது பிடியில்லாமல் இருக்கும்போது புதுக் கோட் அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டுதான் வரும். போலிப் பெயிண்டாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் பெயிண்டைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஒரே எஞ்சினில் மூன்று இடத்தில் மூன்று விதமாக உரிகிறது என்றால் காரணமும் மூன்று. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு வேலை. இன்னொரு டப்பா வாங்குவதற்கு முன்னால், உரிந்த பொருக்கு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் கண்ணாடிபோல் வழவழப்பாக, உலோகமும் பளபளவென்று இருந்தால் பிடிப்பே கிடைக்கவில்லை என்று பொருள்: ஒன்று உலோகம் சொரசொரப்பாக இல்லை, அல்லது எண்ணெய்ப் படலத்தின் மேல் அடித்திருக்கிறது. அடிப்பக்கம் பழுப்புப் பொடி ஒட்டியிருந்தால் துருவின் மேல் அடித்தது. வெள்ளைப் பொடி என்றால் அலுமினியம் அரித்திருக்கிறது. பிரைமர் (பெயிண்டுக்கு அடியில் போடும் முதல் கோட்) அடித்திருந்து, அது உலோகத்திலேயே தங்கி மேல் கோட் மட்டும் வந்தால், பிரைமருக்கும் பெயிண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. பொருக்கை விரலில் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுபிசுப்பு தெரிந்தால் லீக். முறியாமல் ரப்பர்போல் மடங்கினால் பெயிண்ட் இன்னும் வேகவில்லை, அதாவது சூட்டில் கெட்டிப்படவில்லை. வறண்ட ஏரி மண்போல் பாளம் பாளமாக வெடித்திருந்தால் கோட் தடிமன். இந்த ஐந்து நிமிடச் சோதனை செய்யாமல் யார் சொல்லும் யோசனையும் ஊகம்தான், இந்தப் பதிலும் சேர்த்து.

இப்போது அந்த 600 டிகிரி விஷயம். பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இங்கேதான். எண் கூடக் கூட நல்ல பெயிண்ட் என்று நினைக்கிறோம். 600 டிகிரி வகையெல்லாம் சிலிக்கோன் ரெசின் கலந்தவை. அவை காற்றில் காய்ந்து தொடும் அளவுக்கு உலரும், ஆனால் உள்ளே கெட்டிப்படுவதற்கு 200 டிகிரி பக்கம் சூடு தேவை. அந்தச் சூட்டைப் பார்க்காதவரை அது மேலே உலர்ந்த, உள்ளே பச்சையான பெயிண்ட். பெட்ரோல் பட்டால் கரையும், நகம் பட்டால் வழியும்.

ஏர் கூல்டு எஞ்சினில் சூடு எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஹெட்டில் எக்சாஸ்ட் போர்ட்டைச் சுற்றி, நெரிசலில் ஊர்ந்து போகும்போது, 200 டிகிரியைத் தொடும். பிளாக் ஃபின்களில் (சூட்டை வெளியேற்றும் தகடுகளில்) அதைவிடக் குறைவு, கீழே போகப் போக இன்னும் குறையும். கிராங்க் கேஸ் ஆயில் சூட்டோடு போகும், 100 டிகிரிக்கு முன்பின். இடது பக்க செயின் கேஸ் கவர் அதற்கும் கீழே. ஓட்டி வந்து நிறுத்தியதும் கை வைத்தால் சுடும், அவ்வளவுதான். அந்தக் கவரில் அடித்த 600 டிகிரி பெயிண்ட் பத்து வருடம் ஓட்டினாலும் வேகாது. ஹெட்டுக்குப் பொருந்துவது கவருக்குப் பொருந்தாது, கவருக்குப் பொருந்துவது ஹெட்டில் கருகும். ஒரே டப்பாவில் முழு எஞ்சினையும் முடிக்க நினைத்ததுதான் அடிப்படைத் தப்பு.

இடது கவருக்கு வருவோம். காஸ்ட் அயர்ன் புல்லட்டில் இந்தக் கவர் பஃபிங் போட்ட அலுமினியம். கறுப்பு எஞ்சின் வேண்டும் என்பது பிறகு வந்த ஆசை. பல வருடம் பஃபிங் சக்கரத்தில் கொடுத்து மின்னவைத்த பரப்பு அது. பஃபிங் சோப்பில் மெழுகும் கொழுப்பும் இருக்கும். சக்கரம் சுற்றும் சூட்டில் அது உருகி, வார்ப்பின் நுண்துளைகளுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். பெட்ரோலில் துடைத்தால் மேலே இருப்பது மட்டும் போகும். ஆக, கண்ணாடிபோன்ற பரப்பு, அதன் மேல் மெழுகு, அதன் மேல் வேகாத பெயிண்ட். தாள் தாளாக வராமல் என்ன செய்யும்?

அலுமினியத்துக்கே உரிய இரண்டு குணங்களும் இதில் சேர்கின்றன. ஒன்று, சுரண்டிய அலுமினியத்தின் மேல் ஆக்ஸைடு படலம் உடனுக்குடன் வளர ஆரம்பிக்கும். இன்று உப்புத்தாள் போட்டு, நாளை மாலை பெயிண்ட் அடிப்பது இதனால்தான் கெடுகிறது. தேய்த்த அன்றே, முடிந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் பிரைமர் விழுந்துவிட வேண்டும். இன்னொன்று, சூட்டில் நீளும் அளவு. 100 மில்லிமீட்டர் நீளத்துக்கு 100 டிகிரி சூடு ஏறினால் அலுமினியம் சுமார் 0.23 மில்லிமீட்டர் நீளும். காஸ்ட் அயர்ன் அதில் பாதிதான், சுமார் 0.11. ஒவ்வொரு முறை வண்டியை எடுத்து நிறுத்தும்போதும் பெயிண்ட் இந்த இழுப்பைத் தாங்க வேண்டும். உங்கள் பிளாக்கில் பெயிண்ட் நிற்பதற்குப் பாதிக் காரணம் இது. மீதிப் பாதி, காஸ்ட் அயர்ன் வார்ப்பு இயல்பாகவே சொரசொரப்பு என்பது.

ஹெட்டில் எக்சாஸ்ட் பக்கம் உதிர்வது வேறு கதை. அங்கே சூடு போதும், பெயிண்ட் வேகத்தான் செய்திருக்கும். ஆனால் முப்பது நாற்பது வருடம் ஆயிலில் ஊறிய அலுமினிய ஹெட் கடற்பஞ்சு மாதிரி. வெளியே எவ்வளவு துடைத்தாலும், முதல் முறை நன்றாகச் சூடேறும்போது உள்ளே இருக்கும் ஆயில் வியர்த்து வெளியே வரும். அப்படி வருவது பெயிண்டை அடியிலிருந்து தூக்கும். முதலில் சின்னக் கொப்புளம், பிறகு பொருக்கு. பொருக்கின் அடியில் மங்கலான பழுப்புக் கறை இருந்தால் இதுதான்.

அதே இடத்தில் அடிக்கடி பார்க்கும் இன்னொரு தவறு பிரைமர். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ரெட் ஆக்ஸைடு அடித்து, அதன் மேல் ஹீட் பெயிண்ட். மேல் கோட் 600 டிகிரி தாங்கும்; கீழ் கோட் 150 டிகிரியைத் தாண்டினாலே பொடியாகிவிடும். அஸ்திவாரம் மணலாகிவிட்டபின் மாடி எவ்வளவு கெட்டியாக இருந்து என்ன பயன்? ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் ஹீட் பெயிண்ட் நேராக வெறும் உலோகத்தின் மேல் போகலாம், அல்லது அதே கம்பெனி அந்தப் பெயிண்டுக்கென்றே கொடுக்கும் ஹீட் பிரைமர் போடலாம். மூன்றாவது வழி இல்லை. ஆசிட் எட்ச் பிரைமரும் (ஆசிட்டால் உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கும் வகை) ஹெட்டுக்கு ஆகாது. அலுமினியத்தை நன்றாகப் பிடிக்கும், ஆனால் அதன் ரெசின் அந்தச் சூட்டுக்கு நிற்காது. கவருக்கும் கிராங்க் கேஸுக்கும் தாராளமாகப் போடலாம்.

கார்ப்பரேட்டருக்குக் கீழே வழிவதற்கு விளக்கம் தேவையில்லை: பெட்ரோல். ஓவர்ஃப்ளோ டியூபிலிருந்தோ ஃப்ளோட் கிண்ணத்தின் கேஸ்கெட்டிலிருந்தோ சொட்டுகிறது. இப்போது பம்பில் வரும் பெட்ரோலில் எத்தனால் கலப்பு வேறு. பழைய ரப்பர் டியூப்களையும் கேஸ்கெட்களையும் ஊதவைத்துவிடுகிறது. வேகாத சிலிக்கோன் பெயிண்ட் பெட்ரோலுக்கு முன்னால் வெண்ணெய்தான். சொட்டுவதை முதலில் நிறுத்துங்கள். டியூபை நீட்டி எஞ்சினைத் தாண்டிக் கீழே விடுங்கள்.

லீக் பற்றிய பேச்சு வந்ததால் இதையும் முடித்துவிடுகிறேன். புல்லட்டில் ஆயில் கசிவது புதிதல்ல. ஹெட்டுக்கு வெளியே ஓடும் ஆயில் பைப்பின் பேஞ்சோ போல்ட் (நடுவில் ஆயில் போகத் துளையுள்ள போல்ட்), அதன் செம்பு வாஷர், ராக்கர் கவர் கேஸ்கெட், பிளாக்கின் அடியில் வலது பக்கம் இருக்கும் டேப்பட் கவர், செயின் கேஸின் ரப்பர் சீல் இவையெல்லாம் வழக்கமான குற்றவாளிகள். பழைய செம்பு வாஷரையே மறுபடி போட்டிருந்தால் கண்டிப்பாகக் கசியும். புதிது போடுங்கள், அல்லது பழையதைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டுப் போடுங்கள், செம்பு மறுபடி மிருதுவாகும். எஞ்சினைத் துடைத்துவிட்டு, சந்தேகப்படும் மூட்டுகளைச் சுற்றி முகப்பவுடர் தூவி, 10 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். ஈரம் எங்கிருந்து ஆரம்பிக்கிறது என்று பவுடர் காட்டிக்கொடுக்கும். கசிவு நிற்காமல் பெயிண்ட் வேலை தொடங்காதீர்கள்.

இன்னொரு கண்ணி கேஸ்கெட் பரப்பு. பெயிண்ட் அடிக்கும்போது சேரும் முகங்களில் டேப் ஒட்டாமல் விட்டிருந்தால், அங்கே படிந்த பெயிண்ட் சூட்டில் இளகி, கேஸ்கெட் அழுத்தம் குறைந்து, ஆயில் கசிந்து, அந்த ஆயில் வெளிப்பெயிண்டை அடியிலிருந்து கிளப்பும். ஹெட் நட்டின் வாஷர் உட்காரும் இடத்திலும் பெயிண்ட் கூடாது. குறித்த முறுக்குவிசை (டார்க்) வைத்து முறுக்கிய பிறகு அந்தப் பெயிண்ட் நசுங்கினால் நட்டின் இறுக்கம் போய்விடும். எர்த் ஒயர் வரும் இடமும் வெறும் உலோகமாகத்தான் இருக்க வேண்டும்.

இனி என்ன செய்வது.

நல்ல செய்தி, எஞ்சினை மறுபடி இறக்க வேண்டியதில்லை. இடது கவர் நடுவில் ஒரே நட்டில் நிற்கிறது. வழியில் இருக்கும் ஃபுட்ரெஸ்ட், பெடல் எல்லாம் கழற்றி, அடியில் தட்டு வைத்து ஆயிலை வடித்தால் கையோடு வந்துவிடும். ஹெட்டைக் கழற்றுவதா வேண்டாமா என்பது எவ்வளவு உரிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. எக்சாஸ்ட் பக்கம் ஒரு கையகலம்தான் என்றால், புது பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு செட்டாகும்வரை விட்டுவிட்டு, முதல் பெரிய சர்வீஸில் ஹெட் கேஸ்கெட் மாற்றும்போது செய்வது புத்திசாலித்தனம். பிளாக்கை வண்டியில் வைத்தே தேற்றலாம். கிராங்க் கேஸ் உரியவில்லை என்றால் கை வைக்காதீர்கள்.

கவர். ரப்பர் சீலை முதலில் கழற்றி வையுங்கள். பழைய பெயிண்டை ஸ்ட்ரிப்பர் ஜெல் தடவி எடுப்பது சுலபம்; ரப்பர் கையுறை, கண்ணாடி, திறந்த வெளி மூன்றும் கட்டாயம். காஸ்டிக் சோடாவில் ஊறவைக்கலாம் என்று பட்டறையில் யாராவது சொல்வார்கள். காஸ்ட் அயர்ன் பிளாக்குக்கு அது சரி, அலுமினியத்துக்கு அது விஷம். நுரை பொங்கி, கறுத்து, உலோகமே கரையும்.

பெயிண்ட் போனதும் சுத்தம் செய்வதில்தான் வேலையின் முக்கால் பங்கு இருக்கிறது. டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவி, காற்றடித்து, நேராகப் பெயிண்ட் என்பது நம் பட்டறை வழக்கம். இரண்டுமே காய்ந்த பிறகு மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும். கண்ணுக்குத் தெரியாது, பெயிண்டுக்குத் தெரியும். அழுக்கை எடுக்க டீசல் பரவாயில்லை. அதற்குப் பிறகு டீகிரீசரோ பாத்திரம் கழுவும் திரவமோ போட்டு வெந்நீரில் பிரஷ்ஷால் தேய்த்து, நிறையத் தண்ணீரில் அலசி, சோப்பு மிச்சம் இல்லாமல் எடுக்க வேண்டும். பிறகு காற்றடித்து உலர்த்தி, தின்னர் அல்லது அசிட்டோன். இதற்கு இரண்டு துணி: ஒன்றில் தின்னர் நனைத்துத் துடைத்தபடியே, அது ஆவியாவதற்குள் இன்னொரு காய்ந்த துணியால் துடைத்து எடுங்கள். ஒரே துணியால் செய்தால் எண்ணெய் கரைந்து, தின்னர் பறந்ததும் அதே இடத்தில் மறுபடி படிந்துவிடும். அழுக்கை இடம் மாற்றி வைத்ததுதான் மிச்சம்.

சுத்தமாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? சுத்தமான தண்ணீரைப் பரப்பின் மேல் ஊற்றுங்கள். தாமரை இலைத் தண்ணீர்போல் உருண்டு திரண்டு நின்றால் எண்ணெய் இருக்கிறது. ஒரே படலமாகப் பரவி அரை நிமிடம் பிரியாமல் நின்றால் பெயிண்டுக்குத் தயார். நடுவில் ஓர் இடத்தில் மட்டும் படலம் கிழிந்தால் அந்த இடத்தை மறுபடி தேயுங்கள். இந்தச் சோதனைக்குக் காசு கிடையாது, பொய்யும் சொல்லாது.

சொரசொரப்புக்கு 180 உப்புத்தாளில் தொடங்கி 240, 320-இல் முடியுங்கள். ஒரே திசையில் தேய்க்காமல் குறுக்கும் நெடுக்கும். அதற்கு மேல் 600, 800 என்று வழவழப்பாக்குவது, பட்ட பாட்டையெல்லாம் வீணாக்குவது. பிளாஸ்டிங் (காற்றழுத்தத்தில் மணி பீய்ச்சித் தேய்ப்பது) கொடுக்க நினைத்தால் கிளாஸ் பீடு, அதாவது கண்ணாடி மணி வேண்டாம். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பரப்பைச் சுத்தியலால் தட்டியதுபோல் மழுக்கிவிடும், பிடிப்பு குறையும். அலுமினியம் ஆக்ஸைடு மணி நல்லது. ஆற்று மணல் அடிக்கும் பட்டறைப் பக்கமே போகாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலைத் தின்னும்.

வலது பக்க டைமிங் கவரைப் பற்றிக் கண்டிப்பான ஓர் எச்சரிக்கை. இந்த எஞ்சினில் ஆயில் பம்புகள் அதற்குள் இருக்கின்றன. பிக் எண்டுக்கு (கனெக்டிங் ராடின் கீழ்முனைக்கு) ஆயில் போகும் வழியும் அந்த வார்ப்புக்குள்ளேயே ஓடுகிறது. பிளாஸ்டிங் மணி ஒன்றிரண்டு அதில் தங்கினால் போதும், ரீபில்ட் செய்த பணம் மொத்தமும் போச்சு. அந்தக் கவருக்குக் கையால் உப்புத்தாள்தான்.

கவருக்கு என்ன பெயிண்ட்? எட்ச் பிரைமர் மெல்லியதாக ஒரு கோட். அடியில் உலோகம் நிழலாடித் தெரிய வேண்டும், 10 மைக்ரான் போதும். தடிமனாகப் போட்டால் அதுவே உரியும். அதன் மேல் ஹார்ட்னர் கலக்கும் 2கே பியூ (இரண்டு பாகப் பாலியூரித்தேன்) கறுப்பு, இரண்டு கோட். கார் பெயிண்ட் கலக்கும் கடையில் சாட்டின் கறுப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள். 120 டிகிரி வரை நிற்கும், கவருக்கு அது போதும், பெட்ரோலும் ஆயிலும் ஒன்றும் செய்யாது. எட்ச்சுக்குப் பதில் எபாக்ஸி பிரைமரும் நன்று. ஆனால் எட்ச் பிரைமரின் மேல் எபாக்ஸி போடுவதைத் தவிருங்கள், பல கம்பெனி எபாக்ஸிகளை எட்ச்சில் இருக்கும் ஆசிட் கெட்டிப்பட விடாது. 2கே ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது, துணியோ தூசி மாஸ்க்கோ அதைத் தடுக்காது. கார்ட்ரிட்ஜ் வைத்த முகமூடி இல்லையென்றால் பெயிண்டரிடம் கொடுத்துவிடுங்கள். இரண்டு கவருக்கு பெரிய தொகை ஆகாது.

ஹெட். வால்வு, ஸ்பிரிங், ராக்கர், கைடு சீல் எல்லாம் கழற்றிய வெறும் வார்ப்பாக இருக்க வேண்டும். முதலில் வியர்க்க வைக்கும் வேலை. 150 டிகிரியில் ஒரு மணி நேரம் அடுப்பில் வைத்து எடுத்து, கை பொறுக்கும் சூட்டில் தின்னர் துணியால் துடையுங்கள். வெள்ளைத் துணியில் டீ டிகாஷன் நிறத்தில் கறை வரும். மறுபடி அடுப்பு, மறுபடி துடைப்பு. துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை. மூன்று சுற்று சாதாரணம், பழைய ஹெட்டுக்கு ஐந்தும் ஆகும். சூடான உலோகம், தின்னர் ஆவி, பக்கத்தில் எரியும் அடுப்பு மூன்றும் ஒரே அறையில் இருக்கக் கூடாது என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. சமையலறை ஓவனும் வேண்டாம், அந்த வாடையும் புகையும் சாப்பாட்டில் ஏறும்.

இந்த வேலைக்குச் சுலபமான இடம் பவுடர் கோட்டிங் பட்டறை, அதாவது பெயிண்ட் பொடியைத் தூவி அடுப்பில் உருக்கிப் பிடிக்கவைக்கும் இடம். அவர்கள் அடுப்பு எப்படியும் 180, 200 டிகிரியில் ஓடிக்கொண்டிருக்கும். கடைசித் தட்டில் வைத்து எடுத்துத் தரக் கேட்டால் சின்னத் தொகைக்குச் செய்வார்கள். ஹெட்டை மட்டும் 180-க்கு மேல் விட வேண்டாம். அலுமினியம் அதிகம் விரிவதால் வால்வு சீட்டும் கைடும் பிடி தளரும். அந்தச் சூட்டில் ஹெட்டைத் தட்டவோ கீழே போடவோ கூடாது. கிராங்க் கேஸை அடுப்பில் வைக்கும் யோசனை இருந்தால் பேரிங் எல்லாம் வெளியே வந்த பிறகுதான். 100 டிகிரியிலேயே பேரிங் வழுக்கி விழும் அளவுக்கு அந்தப் பொந்து விரிந்துவிடும்.

அங்கேயே பவுடர் கோட்டிங்கும் செய்துவிடலாமே என்று தோன்றும். கவருக்கு அருமை. ஃபின் இருக்கும் பாகத்துக்கு வேண்டாம். மின்னேற்றிய பொடி ஃபின் விளிம்பில் குவியும், இடுக்கின் அடியில் ஏறாது. தடிமனும் சாதாரணப் பெயிண்டைவிட அதிகம், அது சூட்டை உள்ளேயே போர்த்தி வைக்கும். மெல்லிய மேட் கறுப்பு சூடு வெளியேறுவதைக் கெடுக்காது; தடித்த பூச்சு கெடுக்கும்.

ஃபின்னில் ஸ்ப்ரே அடிப்பதில் ஒரு நுணுக்கம். ஈரப் பெயிண்ட் கூர்மையான விளிம்பிலிருந்து பின்வாங்கி ஓடும். ஃபின் முகட்டில் எப்போதுமே கோட் மெல்லியது, துருவும் உரிதலும் அங்கேதான் தொடங்கும். அதனால் சின்ன அரத்தால் ஒவ்வொரு ஃபின் முகட்டையும் லேசாக மழுக்குங்கள். கை கிழிக்காத அளவு போதும். முதலில் இடுக்குகளை நோக்கிச் சாய்வாக நான்கு திசையிலிருந்தும் மெல்லிய தூற்றல், முகட்டில் தானாக விழுவது போதும். நேராக முகப்பை நோக்கி அடித்தால் முகடு வழியும், அடி வெறுமையாக இருக்கும். டப்பாவை 20, 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள். மூன்று மெல்லிய கோட், நடுவில் 10, 15 நிமிட இடைவெளி. காய்ந்த மொத்தத் தடிமன் 40, 50 மைக்ரான், அதாவது தலைமுடி ஒன்றின் தடிமனைவிடக் குறைவு. ஹீட் பெயிண்டில் தாராளம் கூடாது; தடித்தால் உள்ளே சிக்கிய தின்னர் சூட்டில் கொதித்துக் கொப்புளம் போடும். பிளாக்கும் ஹெட்டும் சேர்ந்து 400 மில்லி டப்பா ஒன்றில் முடிய வேண்டும். இரண்டு டப்பா காலியானால் கை கூடிவிட்டது என்று அர்த்தம்.

டப்பாவின் பின்பக்கம் அடுத்த கோட்டுக்கான நேரம் போட்டிருக்கும்: இத்தனை நேரத்துக்குள் அல்லது இத்தனை நாள் கழித்து என்று. நடுவில் அடித்தால் அடிக்கோட் சுருங்கி, வயதானவர் தோல்போல் சுருக்கம் விழும். அந்த வரி அலங்காரத்துக்கு இல்லை.

கம்ப்ரசர் துப்பாக்கியில் அடித்தால் லைனில் தண்ணீர் வடிப்பான் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். காற்றில் ஈரம் 85 சதவீதத்தைத் தாண்டினால் குளிர்ந்த உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத பனி படியும். பெயிண்ட் அந்த ஈரத்தின் மேல்தான் உட்காரும். கடலோர ஊர்களில் உப்பும் சேரும். அங்கே கடைசித் துடைப்புக்கும் முதல் கோட்டுக்கும் இடையில் தேநீர் இடைவேளைகூட விடாமல் முடிக்க வேண்டும். வெயில் ஏறிய முற்பகலில், பாகத்தை 40 டிகிரி பக்கம் வெதுவெதுப்பாக்கிக்கொண்டு அடிப்பது நல்லது.

பிளாக். உரியாத இடத்தை விட்டுவிட்டு, உரிந்த ஃபின்களை மட்டும் வயர் பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை எடுங்கள். உப்புத்தாளை மெல்லிய மரச்சட்டத்தில் சுற்றி இடுக்குக்குள் விட்டால் அடிவரை போகும். காஸ்ட் அயர்னைத் தண்ணீரில் கழுவினால் ஒரு மணி நேரத்துக்குள் மஞ்சள் துரு பூக்கும். அதன் மேல் அடித்தால் ஆறு மாதத்தில் பழுப்புப் பொடியோடு உதிரும். அதனால் வண்டியிலேயே செய்யும்போது தண்ணீர் வேண்டாம், இரண்டு துணித் தின்னர் முறை மட்டும். கார்ப்பரேட்டர், ஒயரிங், பிளக் எல்லாவற்றையும் மூடி டேப் ஒட்டிவிட்டு அடியுங்கள்.

வேகவைப்பது. கழற்றிய ஹெட்டை அடித்து ஒரு நாள் ஆறவிட்டு, 120 டிகிரியில் அரை மணி, ஆறவிட்டு, 180-இல் ஒரு மணி. நேரத்தை எண்ண ஆரம்பிப்பது உலோகம் அந்தச் சூட்டுக்கு வந்த பிறகு. அடுப்பின் முள் காட்டுவது காற்றின் சூடு, வார்ப்பு அதை எட்ட அரை மணிக்கு மேல் ஆகும். கையில் பிடிக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் கறுப்புப் பெயிண்டின் மேல் குறிவையுங்கள். வெறும் பளபள அலுமினியத்தின் மேல் அது குறைவாகக் காட்டும், அதை நம்பிச் சூடேற்றிக்கொண்டே போவீர்கள். டப்பாவில் வேறு அட்டவணை இருந்தால் அதையே பின்பற்றுங்கள். 180-க்கு மேல் கேட்டால் மீதியை எக்சாஸ்ட் பக்கச் சூடு தானாகப் பார்த்துக்கொள்ளும்.

வண்டியிலேயே அடித்த பிளாக்குக்கு அடுப்பு கிடையாது, ஓட்டித்தான் வேகவைக்க வேண்டும். இங்கே ஒரு தப்பான யோசனை ஊரெல்லாம் சுற்றுகிறது: சென்டர் ஸ்டாண்ட் போட்டு ஒரு மணி நேரம் ஐடிலில் விட்டால் பெயிண்ட் வெந்துவிடும் என்று. ரீபோர் செய்த எஞ்சினுக்கு இதைவிடப் பெரிய தீங்கு இல்லை. காற்றோட்டம் இல்லாமல் ஹெட் கண்டபடி சூடேறும். லோடு இல்லாததால் ரிங் போர் சுவரை அழுத்தாது, சுவர் வழவழத்துப் போய் ரிங் செட்டாகாமலே நின்றுவிடும். அப்புறம் ஆயில் புகைதான். பெயிண்டுக்காக எஞ்சினைக் கெடுக்க வேண்டாம். 10, 15 கிலோமீட்டர் மிதமான வேகத்தில், ஆக்சிலேட்டரைக் கூட்டிக் குறைத்து ஓட்டி, முழுக்க ஆறவிடுங்கள். இப்படி ஐந்தாறு முறை. முதல் ஓட்டத்தில் புகையும் வாடையும் வரும், அது பெயிண்டிலிருந்து போகும் மிச்சத் தின்னர், பயம் வேண்டாம்.

கவரை மாட்டும் முன் அதன் உள்விளிம்பில், வெளியே தெரியாத ஓர் இடத்தில் பிளேடால் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு கோடு, அதன் குறுக்கே ஆறு கோடு கீறுங்கள். 25 சின்னக் கட்டங்கள் கிடைக்கும். நல்ல பசையுள்ள டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். ஒன்றிரண்டு கட்டத்தின் ஓரம் மட்டும் பெயர்ந்தால் மாட்டலாம். கட்டம் கட்டமாக டேப்போடு வந்தால் அந்தக் கவர் இன்னொரு முறை தண்ணீர்ச் சோதனைக்குப் போக வேண்டும். 2கே பியூ முழுசாகக் கெட்டிப்பட ஒரு வாரம் ஆகும் என்பதால் இந்தச் சோதனையை ஏழாம் நாள் செய்யுங்கள். அதுவரை பெட்ரோல், வாட்டர் சர்வீஸ் பிரஷர் இரண்டையும் அந்தக் கவர் பக்கம் விடாதீர்கள்.